ஐ.பி. போட்டால் எந்தக் கடன் நிற்கும், எது நிற்காது?

"ஐ.பி. போட்டுட்டா ஒருத்தனும் ஒண்ணும் பண்ண முடியாதுபா" என்று ஒரு பேச்சு வேலூர்ப் பக்கம் ரொம்ப நாளாக உலவுகிறது. ஐ.பி. என்பது, கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் போடும் திவால் மனு; மஞ்ச நோட்டீஸ் என்று பேச்சுவழக்கில் சொல்வதும் அந்தத் திவாலைத்தான். "மஞ்ச நோட்டீஸ் குடுத்தவனாச்சே, அவனுக்கு இன்னமே எவன் குடுப்பான்?" என்ற இன்னொரு பேச்சும் அதே டீக்கடையில் கேட்கும். முதல் பேச்சை நம்பி அவசரப்பட்டு மனு போட்டவர்கள் உண்டு. இரண்டாவதுக்குப் பயந்து, மனு போட்டிருக்க வேண்டிய சமயத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக பெங்களூர் ரயிலேறியவர்களும் உண்டு. சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு பேச்சும் பாதிப் பாதிதான் தேறும்.

எந்தச் சட்டம் என்பதிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. 2016இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தைப் பற்றித்தான் பத்திரிகைகளில் படிக்கிறோம். தனிநபர்களுக்கென்று அதில் ஒரு முழுப் பகுதியே இருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், கடன் 35,000 ரூபாய்க்குள், சொந்த வீடு இல்லாத ஏழைக்கு ஒரேயடியாகக் கடனிலிருந்து விடுதலை தரும் ஏற்பாடுகூட அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்ததோடு சரி. கம்பெனி வாங்கிய கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் அந்தப் பகுதியை 2019 டிசம்பர் 1 முதல் அமலாக்கினார்கள். மற்ற பொதுமக்களுக்கு அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

ஆகவே குடியாத்தத்தில் தறி போட்டு நொடித்தவரானாலும், காட்பாடியில் மளிகைக் கடை வைத்துக் கடனானவரானாலும் அவருக்குப் பொருந்துவது 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான். சென்னை நகருக்கு 1909இன் தனிச் சட்டம். வெளி மாவட்டங்களுக்கு இது. நூறு வருஷத்துக் கிழம் என்பது இதன் எண்களைப் பார்த்தாலே தெரியும். 500 ரூபாய் கடன் இருந்தால் மனு போடலாம். கடனாளியிடம் வேலை செய்த கூலியாளுக்கு முன்னுரிமையோடு தர வேண்டிய சம்பள பாக்கியின் உச்சவரம்பு 20 ரூபாய். கடன் தீர்க்கும் விகிதத்தை இன்றும் ரூபாய்க்கு எட்டணா என்றே அது பேசுகிறது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துபோயின. பழைய வடஆற்காடு எத்தனை துண்டானாலும் எல்லாத் துண்டுக்கும் இதே சட்டம்தான்.

தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு விலக்கு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் பிரைவேட் லிமிடெட் கம்பெனி வைத்துக்கொண்டு, வங்கியில் கம்பெனிக் கடனுக்குத் தன் கையெழுத்தையும் ஜாமீனாகப் போட்ட இயக்குநருக்கு 2016இன் சட்டம் பொருந்தும். அவர் விவகாரம் சென்னையில் உள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாடு செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்படிப்பட்டவர் ஊர் வக்கீலிடம் போய் ஐ.பி. போடச் சொல்வது வீண் வேலை. பங்குதாரராகவோ தனி முதலாளியாகவோ தொழில் செய்தவருக்குத்தான் 1920 வழி.

அந்த வழி என்ன செய்கிறது? கடனாளியோ, அவருக்குக் கடன் கொடுத்தவரோ மனு போடலாம். நம் பக்கத்தில் இதை வழக்கமாகச் சார்பு நீதிமன்றம் விசாரிக்கிறது. வேலூர்க்காரருக்கு அது சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில். கடனாளியே மனு போட்டால், தன்னால் கடனைக் கட்ட முடியவில்லை என்று சொல்லி, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, தன்னிடம் என்னென்ன சொத்து, அது எங்கே இருக்கிறது, என்ன மதிப்பு என்று முழுப் பட்டியலும் தர வேண்டும். சொத்தை நீதிமன்றத்தின் பொறுப்பில் விடச் சம்மதம் என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். விசாரித்துத் திருப்தியானால் அவர் திவாலானவர் என்று நீதிமன்றம் ஆணையிடும். அந்த நொடியிலிருந்து சொத்து நீதிமன்றத்துக்கோ, அது நியமிக்கும் ரிசீவருக்கோ போய்விடும். ரிசீவர் விற்று, கடன் கொடுத்தவர்களுக்கு விகிதப்படி பங்கு பிரிப்பார். அதன்பின் யாரும் தனியாக அந்தக் கடனுக்காக வழக்குப் போடவோ சொத்தை இழுக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும்.

சொத்து எல்லாமே போய்விடாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு ஜப்தி செய்யக்கூடாது என்று விலக்கி வைத்தவை இங்கும் விலக்குதான். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், கட்டில் படுக்கை, தாலி, கைத்தொழிலாளியின் கருவிகள், விவசாயியின் ஏர், மாடு, விதைநெல், பி.எஃப். பணம், ஆயுள் காப்பீட்டுத் தொகை. லுங்கி நெய்பவரின் கைத்தறி அவருடைய கருவி. அவர் கடனுக்கு வாங்கி அடுக்கி வைத்திருக்கும் நூல் மூட்டை கருவி ஆகாது. இப்படி எல்லைக்கோட்டில் நிற்கும் பொருள்களுக்குத்தான் வாதம் தேவைப்படும்.

இனி நடைமுறைக்கு வருவோம். பேரணாம்பட்டில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆர்டர் நின்றுபோனது. வீட்டை அடமானம் வைத்து வங்கியில் 14 லட்சம். மனைவியின் நகை மேல் 3 லட்சம். தெரிந்தவர் நாலைந்து பேரிடம் புரோநோட்டில் 6 லட்சம். எடுத்த ஏலச்சீட்டுக்குக் கட்ட வேண்டிய பாக்கி 2 லட்சம். அதற்கு மச்சான் ஜாமீன். பசையும் லைனிங்கும் கொடுத்த கடைக்காரருக்கு ஒன்றரை லட்சத்துக்குச் செக். மனைவி பெயரில் மகளிர் குழுக் கடன் ஐம்பதாயிரம். அன்றாடம் தண்டல்காரர் வேறு வாசலில் நிற்கிறார். நம் பகுதியில் நொடித்துப்போகும் குடும்பம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஒரே கடன் என்று யாருக்கும் இருப்பதில்லை.

இவர் ஐ.பி. போட்டால் என்ன ஆகும்?

வங்கிக்காரரை அது தடுக்காது. அடமானம் பெற்றவர் தன் அடமானப் பொருளிலிருந்து வசூலித்துக்கொள்ளும் உரிமையை 1920இன் சட்டம் தொடவே இல்லை. 2002இன் சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, அதற்குள் கட்டாவிட்டால் நீதிமன்றம் போகாமலேயே வீட்டைச் சுவாதீனம் எடுக்க நடவடிக்கை தொடங்கலாம். அதை எதிர்க்க வேலூர்க் கோர்ட்டில் தடை வாங்க முடியாது. 45 நாளுக்குள் சென்னைக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அறுபது நாள் நோட்டீஸ் வந்ததும் மறுப்போ விளக்கமோ எழுத்தில் அனுப்பினால், வங்கி அதைப் பார்த்து 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். வங்கிக்கு இந்த மறுப்புக் கடிதத்தை எழுதாமல் விடுபவர்கள்தான் அதிகம். விவசாய நிலத்தை அடமானமாக வைத்திருந்தால் அதன் மேல் சர்ஃபாசி பாயாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பட்டாவில் நஞ்சை என்று இருந்தும் நிலத்தில் கொட்டகை போட்டு யூனிட் நடத்தினால் அந்த விலக்கு தானாகக் கிடைத்துவிடாது.

நகைக் கடனும் அப்படியே. நகை அவர்கள் கையில் இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்து ஏலம் விடுவார்கள். திவால் மனு அந்தப் பெட்டகத்தைத் திறக்காது. ஏலத்தில் கடனுக்கு மேல் மிஞ்சினால் அது உங்கள் பணம் என்பதை மட்டும் கேட்டு வாங்க வேண்டும்.

செக் விவகாரம்தான் ஆட்கள் சறுக்கும் இடம். செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் குற்ற வழக்கு. திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் கடைக்காரர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கையில் கிடைத்து 15 நாளுக்குள் பணம் கட்டினால் வழக்கில்லை. கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். இரண்டு வருஷம் வரை சிறை, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. "நான்தான் ஐ.பி. போட்டிருக்கேனே" என்பது இங்கே பதில் ஆகாது. சிவில் கடனுக்கான கேடயம் குற்ற வழக்கைத் தாங்காது. நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதிலும் பலனில்லை. சரியான விலாசத்துக்கு அனுப்பியிருந்தால் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும்.

சீட்டுப் பாக்கியில் அவருக்கு நிவாரணம் கிடைக்கலாம், மச்சானுக்குக் கிடைக்காது. கடனாளி விடுவிக்கப்பட்டாலும் ஜாமீன் நின்றவர் விடுபடுவதில்லை என்று சட்டம் பச்சையாகவே சொல்கிறது. பதிவு பெற்ற சீட்டாக இருந்தால் தகராறு சீட்டுப் பதிவாளரிடம் போகும். அங்கே மச்சான் பெயருக்கும் தீர்ப்பு வரும், அவர் ஆசிரியராகவோ போக்குவரத்து ஊழியராகவோ இருந்தால் சம்பளத்தில் பிடித்தம் தொடங்கும். முதல் ஆயிரம் ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் போக மிச்சத்தைத்தான் பிடிக்கலாம். ஒரே டிகிரிக்காக, அதாவது ஒரே தீர்ப்பாணைக்காக, 24 மாதத்துக்கு மேல் பிடிக்க முடியாது. ஐ.பி. போட்ட வீட்டில் உறவு அறுவது பெரும்பாலும் இந்த ஜாமீன் கையெழுத்தால்தான். மனு போடுவதற்கு முன்னால் மச்சானுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மனைவியின் குழுக் கடன் மனைவியுடையது. கணவர் மனுவில் அது அடங்காது. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் கட்டுவது என்ற கூட்டுப் பொறுப்பில் கொடுத்த கடன் என்றால் பக்கத்து வீட்டுப் பெண்கள் தலையில் விழும்.

ஆக, இவ்வளவு பெரிய கடன் மூட்டையில் ஐ.பி. உண்மையில் தாங்குவது புரோநோட்டு ஆறு லட்சத்தையும், சீட்டில் அவருடைய பங்கையும், இன்னும் வழக்காகாத கைமாற்றுகளையும்தான். அது சின்ன விஷயமில்லை. புரோநோட்டுக்காரர்கள்தான் டிகிரி வாங்கி, அதை நிறைவேற்றும் கோர்ட் ஊழியரான அமீனாவோடு வருபவர்கள், சிவில் ஜெயிலுக்கு மனு போடுபவர்கள். ஆனால் முக்கால்வாசிக் கடன் அடமானத்திலும் நகையிலும் செக்கிலும் இருப்பவருக்கு ஐ.பி. போட்டுக் கொடுக்கும் வக்கீல், பல்வலிக்கு வந்தவருக்குக் காலில் கட்டுப் போட்டு அனுப்புகிறவர்.

சிவில் ஜெயில் என்றதும் வீட்டுப் பெண்கள் நடுங்கிப்போகிறார்கள்; அதனால் அதைப் பற்றி இரண்டு வரி. பண டிகிரிக்காகப் பெண்ணைக் கைது செய்ய முடியாது. ஆணையும், கட்ட வசதி இருந்தும் கட்டாமல் ஏமாற்றுகிறார் என்று காரணம் எழுதித்தான் சிறைக்கு அனுப்ப முடியும். அதிகபட்சம் மூன்று மாதம். கையில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உள்ளே தள்ளக்கூடாது என்று 1980இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ண ஐயர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். கைதாகி வந்தவரிடம், திவால் மனு போட உங்களுக்கு வழியிருக்கிறது என்று கோர்ட்டே சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் போடுகிறேன் என்று பிணையம் கொடுத்தால் விட்டுவிடும்.

தண்டல்காரர் விஷயம் வேறு சட்டம். நாள் வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் இவற்றையெல்லாம் பெயர் சொல்லியே தடுக்கிறது தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு கந்து வட்டித் தடைச் சட்டம். மூன்று வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். மைக்ரோ ஃபைனான்ஸ், ஆப் கடன் வசூலில் நடக்கும் அடாவடிக்கென்று 2025இல் சட்டமன்றம் தனிச் சட்டமும் இயற்றியிருக்கிறது. இதற்கெல்லாம் வக்கீல் தேவையில்லை. காவல் நிலையத்தில் புகார், அங்கே வாங்க மறுத்தால் எஸ்.பி. அலுவலகம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள். வங்கி, நிதி நிறுவன வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் போன் செய்யக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. மீறினால் முதலில் அந்த வங்கிக்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம்.

கடனாளி கொடுக்கும் பட்டியலை நீதிமன்றம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளாது. கடன் கொடுத்த ஒவ்வொருவரும் தான் கொடுத்த கடனை நிரூபிக்க வேண்டும். இந்த ஊர் அந்தப் பாடத்தை ரொம்பப் பெரிய அளவில் கற்ற ஊர். வாலாஜாபேட்டைக்குப் பெயர் தந்த ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்களிடம் வாங்கிய கடன் லண்டன் பாராளுமன்றம் வரை போய், 1785 பிப்ரவரியில் அதன் உறுப்பினர் எட்மண்ட் பர்க் அதைப் பற்றி மணிக்கணக்கில் முழங்கினார். நவாப் 1795இல் இறந்தார். கர்நாடகம் என்று அப்போது அழைக்கப்பட்ட அந்த ஆற்காட்டு அரசை 1801இல் கம்பெனி எடுத்துக்கொண்டது. அப்புறம் கடன்களை விசாரிக்க ஒரு ஆணையம் போட்டார்கள். மூன்று கோடி பவுண்டுக்கும் மேலே கோரிக்கைகள் வந்து குவிந்தன. வருஷக்கணக்காக விசாரித்ததில் பத்தில் ஒரு பங்குகூட உண்மைக் கடனாகத் தேறவில்லை. நவாபின் பெயரில் பத்திரம் எழுதி வைத்துக்கொண்டவர்களுக்கும், இன்று நிரப்பாத புரோநோட்டில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்பவர்களுக்கும் தொழில் ஒன்றுதான். அதனால் இல்லாத கடனை ஒப்புக்கொண்டு பட்டியலில் சேர்க்காதீர்கள். மாமனார் பெயரில் ஒரு பொய்க் கடனைச் சேர்த்து, பங்கு வரும்போது வீட்டுக்கே திருப்பிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் கேட்காதீர்கள். ரிசீவர்களுக்கு அது பழைய வித்தை.

வர வேண்டிய பணத்தையும் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். 2022இல் காட்பாடியிலிருந்து இயங்கிய ஒரு நிதி நிறுவனம் முடங்கியபோது பணம் போட்டு ஏமாந்தவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். வேறு இடத்தில் கடன் வாங்கி அதில் போட்டவர், "அது எங்க வரப்போகுது" என்று மனுவில் எழுதாமல் விட்டால், மறைத்ததாக எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார். வராத பணமானாலும் கோரிக்கை கோரிக்கைதான்.

வக்கீலைப் பார்க்க வேண்டிய நாள் எது என்பதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகச் சொல்ல இருப்பது. மனு போடும் நாள் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அதற்குப் பல மாதம் முன்னால், வீட்டை மனைவி பெயருக்கோ தம்பி பெயருக்கோ எழுதிவிடலாமா என்று மனசு அலைபாயும் நாளில்தான் போக வேண்டும்.

ஏனென்றால் அந்தத் தான செட்டில்மென்ட் பத்திரம்தான் பிறகு கழுத்தைப் பிடிக்கும். எழுதிக் கொடுத்து இரண்டு வருஷத்துக்குள் திவால் மனு வந்து ஆணையானால், நல்லெண்ணத்தோடு சரியான விலை கொடுத்து வாங்கியவரைத் தவிர மற்றவருக்குச் செய்த கிரயம், தானம் எல்லாவற்றையும் ரிசீவர் கேட்டு நீதிமன்றம் செல்லாதென்று ஆக்கலாம். நெருக்கிய கடன்காரர் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டித் தீர்த்திருந்தால் கடைசி மூன்று மாதத்தில் நடந்ததையும் புரட்டலாம். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. கடன்காரரை ஏய்க்கச் சொத்தை மாற்றி எழுதுவது சட்டத்தின் பார்வையில் ஒரு திவால் செயல். அந்தச் செயல் நடந்த மூன்று மாதத்துக்குள் கடன் கொடுத்தவரே உங்களைத் திவாலாக்கச் சொல்லி மனு போடலாம். வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டு ஓடுவதும், கடன்காரர் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்வதும் அதே வகைத் திவால் செயல்கள்தான். தப்பிக்க எடுக்கும் இரண்டு அடியுமே எதிராளிக்கு ஆயுதமாகிவிடுகிறது. சொத்தை மறைத்தது, கணக்கை மறைத்தது நிரூபணமானால் ஒரு வருஷம் வரை சிறையும் உண்டு.

பழைய புரோநோட்டைப் புதுப்பித்துத் தரச் சொல்லிக் கேட்கும்போதும் பேனாவை எடுக்கும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். புரோநோட்டுக்கு வழக்குப் போடும் காலவரம்பு மூன்று வருஷம். அது முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டாலோ, வட்டியில் கொஞ்சம் கட்டிப் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ மூன்று வருஷம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். காலாவதியான கடனைக்கூடக் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் அது புதுக் கடனாக உயிர்பெற்றுவிடும். கட்ட வேண்டிய தார்மீகக் கடமை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கட்டும், கையில் பணம் இருக்கும்போது கட்டலாமே, கையெழுத்து எதற்கு?

கோர்ட் சம்மன் வந்துவிட்டால் தாமதத்துக்கு இடமே இல்லை. எதிர்வாதம் தாக்கல் செய்ய 30 நாள், நீதிமன்றம் மனசு வைத்தால் 90 நாள் வரை. புரோநோட்டு போன்ற எழுத்து ஆவணத்தை வைத்துப் போடும் சுருக்க விசாரணை வழக்காக இருந்தால் ஆஜராகவே 10 நாள்தான். போகாமல் விட்டால் ஒருதலைப்பட்ச டிகிரி. அதை நீக்கக் கேட்க 30 நாள். டிகிரி ஒருமுறை வந்துவிட்டால் 12 வருஷம் வரை அதை நிறைவேற்ற மனு போடலாம். தீர்ப்புக்கு முன்னாலேயே வீட்டை ஜப்தி செய்யக் கேட்கும் மனுவும் நம் பக்கத்துக் கோர்ட்டுகளில் சகஜம். அந்த நோட்டீஸ் கதவில் ஒட்டப்பட்டிருந்தால் மறுநாளே வக்கீல் வேண்டும்.

அப்பா கடன் வைத்துவிட்டு இறந்துபோன வீடுகளுக்கும் ஒரு சொல். பிள்ளைகள் பொறுப்பு, அப்பாவிடமிருந்து வந்த சொத்தின் அளவோடு முடிந்துவிடுகிறது. தாங்களாக ஜாமீன் போட்டிருந்தாலொழிய சொந்தச் சம்பாத்தியத்தில் கட்ட வேண்டியதில்லை. காரியம் முடிவதற்குள் வந்து உட்கார்ந்து பிள்ளையிடம் புது நோட்டில் கையெழுத்துக் கேட்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

வக்கீல் எப்படிப்பட்டவர்? சிவில் பக்கம் வேலை செய்பவராக, அதே சார்பு நீதிமன்றத்தில் ஐ.பி. நடத்தியவராக இருப்பது நல்லது. குற்ற வழக்கில் பேர் பெற்றவர் இதற்கு உதவ மாட்டார். செக் வழக்கும் கூடவே இருந்தால் இரண்டையும் ஒரே கையில் கொடுங்கள், ஐ.பி. மனுவில் ஒப்புக்கொண்ட தொகையை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மறுத்தால் இரண்டுமே கெடும். கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம், மாதாமாதம் எங்களிடம் கட்டுங்கள் என்று இன்ஸ்டாகிராமில் கூப்பிடும் செட்டில்மென்ட் கம்பெனிகள் வக்கீல்கள் அல்ல. வக்கீல் விளம்பரம் செய்து ஆள் பிடிப்பதையும், ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவதையும் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. வங்கியோடு ஒரே தவணையில் பேசித் தீர்ப்பதற்கு நீங்களே கிளை மேலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது, கோர்ட்டில் கட்டிய கட்டணமும் திரும்ப வரும்.

பணமில்லாமல்தானே திவாலாகிறோம், வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவசமாக வக்கீல் கிடைப்பார். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் இவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை, மற்றவர்களுக்கு உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். மகளிர் குழுக் கடனில் மாட்டிய பெண்கள் இந்தக் கதவைத் தட்டுவது மிகக் குறைவு.

கடைசிக் கட்டம், விடுவிப்பு: கடனிலிருந்து விடுதலை தரும் கோர்ட் ஆணை. திவால் ஆணை வந்ததோடு கடன் தீர்ந்துவிட்டதாக நினைத்துக் கோர்ட் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். இத்தனை மாதத்துக்குள் விடுவிப்பு மனு போட வேண்டும் என்று அந்த ஆணையிலேயே ஒரு கெடு இருக்கும். போடாவிட்டால் திவால் ஆணையே ரத்தாகும், கடன்கள் எல்லாம் பழையபடி எழுந்து நிற்கும், மறுபடி ஐ.பி. போட நீதிமன்ற அனுமதி தேவைப்படும். விடுவிப்பு வரும்வரை புதிதாகச் சேரும் சொத்தும், ஊரில் பாகப்பிரிவினையில் வரும் பங்கு உட்பட, ரிசீவருக்கே போகும். நான் திவாலானவன் என்று சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினாலே ஆறு மாதம் வரை தண்டனைக்குரிய குற்றம். உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது. அரசு ஊழியர் என்றால் நடத்தை விதிகளின்படி மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

விடுவிப்பைக் கோர்ட் மறுக்கவும் இடமுண்டு. தொழில் செய்தும் கணக்குப் புத்தகம் வைக்காதவர், நொடித்தது தெரிந்தும் மேலும் மேலும் கடன் வாங்கியவர், சூதிலும் ஆடம்பரத்திலும் அழித்தவர், மிஞ்சிய சொத்து ரூபாய்க்கு எட்டணாவுக்குக்கூடத் தேறாமல் அதற்குத் தானே காரணமானவர் இவர்களுக்கு முழு விடுவிப்புத் தர முடியாது. ஷூ யூனிட்காரர் ஆர்டர் நின்றதற்கான கடிதங்களையும், கூலி கொடுத்த நோட்டையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய காரணம் இதுதான். விடுவிப்பு கிடைத்தாலும் அரசுக்குக் கட்ட வேண்டிய வரி பாக்கி, மோசடியால் வந்த கடன், மனைவி மக்களுக்கான ஜீவனாம்சம் ஆகியவை தள்ளுபடியாவதில்லை.

முதல் தடவை வக்கீலைப் பார்க்கப் போகும்போது கடன்காரர் பட்டியல், புரோநோட்டு நகல்கள், வந்த நோட்டீஸ் எல்லாம் கவரோடு, வங்கிக் கணக்கு விவரம், வில்லங்கச் சான்று, கடந்த இரண்டு வருஷத்தில் விற்றது கொடுத்தது எல்லாவற்றின் பத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டு ஒன்றை மறைத்தால் அதுதான் முதலில் வெளியே வரும். ஃபீஸ் பேசும்போது, இது மனு போடுவதற்கு மட்டுமா, விடுவிப்பு மனு வரைக்கும் சேர்த்தா என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.